எண்ணிக்கையில் பதினொரு கப்பல், கடலுக்குப் போகக்கூடியது எத்தனை? நம் கடற்படையின் ஆயத்தநிலை பற்றி

பேஹெட் ஃபிட்டர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடற்படை பற்றிய பேச்சு நம்மிடையே எப்போது எழுந்தாலும், நாட்டிடம் எத்தனை கப்பல் இருக்கிறது என்ற கணக்கோடு அது முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் தென்னாப்பிரிக்காவுக்குப் பெரிய குறை இல்லை. அமடோலா, இசாண்டில்வானா, ஸ்பியன்கோப், மெண்டி என்ற நான்கு ஃப்ரிகேட் போர்க்கப்பல்கள், மந்தாடிசி, ஷார்லட் மகெகெ, குவீன் மொஜாஜி என்ற மூன்று நீர்மூழ்கிகள், நம் ஊரான டர்பனில் கட்டி 1987இல் படையில் சேர்ந்த டிராகன்ஸ்பெர்க் என்ற வழங்கல் கப்பல், கேப் டவுனில் டாமன் நிறுவனம் அண்மையில் கட்டிக்கொடுத்த மூன்று ரோந்துக் கப்பல்கள் ஆகியவை பெரிய கலங்களாக நிற்கின்றன. ஆனால் ஓர் அவசரத்தில், நாளை காலை கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கடலுக்குப் போகக்கூடியவை இவற்றில் எத்தனை என்று கேட்டால், ஒரு கையின் விரல்களை எண்ணி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். கடந்த சில ஆண்டுகளாக நாடாளுமன்றக் குழுவின் முன் அமைச்சும் கடற்படையும் ஒளிக்காமல் சொல்லிவரும் நிலைமை இது.

நான் வாழ்நாளின் பெரும்பகுதியை டர்பன் துறைமுகத்தின் பேஹெட் பட்டறைகளில் எந்திரங்களைக் கழற்றி மாட்டுவதில் கழித்தவன். போர்த் தந்திரம் எனக்குத் தெரியாது. கப்பல் எப்படிக் கெடுகிறது என்பது தெரியும். வெளியாட்கள் பலரும் நினைப்பதற்கு மாறாக, ஓடுகிற கப்பலைவிட நிற்கிற கப்பல்தான் விரைவில் கெடும். துறைமுகத்தில் மாதக்கணக்கில் கட்டிக்கிடந்த ஒரு சரக்குக் கப்பலின் குளிரூட்டியைத் திறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடல்நீர் உள்ளே வரும் வடிகட்டியின் மூடியைத் தூக்கியதும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. வடிகட்டியின் கண்கள் முழுவதையும் சிறு சிப்பிகள் அடைத்திருந்தன, குழாய்களுக்குள் கையளவு சேறு. அந்தச் சேற்றுக்கு அடியில் செம்பு-நிக்கல் குழாயின் சுவர் ஊசி முனையளவு ஓட்டைகளாகத் தின்னப்பட்டிருந்தது. நீர் ஓடிக்கொண்டே இருந்திருந்தால் அந்தக் குழாய் இன்னும் பல ஆண்டு உழைத்திருக்கும். தேங்கிய நீர் அதைக் கொன்றுவிட்டது. ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கின்றன, திருப்பாத தண்டின் எடை ஒரே இடத்தில் அழுத்தி பேரிங்கில் தழும்பு விழுகிறது, டீசல் தொட்டியில் ஈரம் சேர்ந்து நுண்ணுயிர் வளர்ந்து வடிகட்டிகளை அடைக்கிறது, குளிர்சாதனம் நின்ற அறையில் மின்னணுப் பலகைகள் பச்சை பூக்கின்றன. காசில்லை என்பதற்காகக் கப்பலை ஓட்டாமல் நிறுத்தினால் காசு மிச்சமாகும் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய பிழை என்பது, அதை மறுபடி எழுப்ப வரும் ஆளுக்குத்தான் தெரியும்.

ஆகவே என் கருத்து இதுதான். கடல்வலிமை கப்பல் வாங்கும் நாளில் கிடைப்பதில்லை. ஆண்டுதோறும் தவறாமல் ஒதுக்கும் மராமத்துப் பணத்திலும், அந்த மராமத்தைச் செய்யத் தெரிந்த கைகளிலும்தான் அது இருக்கிறது. நாம் முதலாவதை ஒரே மூச்சில் செய்தோம், இரண்டாவதைக் கைவிட்டோம்.

மெரிபேங்க் ஆசிரியை எழுதியது:

ஐயா, எந்திரம் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. எனக்கு அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தக் கப்பல்கள் நமக்கு வேண்டுமா?

இந்த ஃப்ரிகேட்டுகளும் நீர்மூழ்கிகளும் அடங்கிய, 1999 டிசம்பரில் கையெழுத்தான தளவாட ஒப்பந்தம் சுமார் 30 பில்லியன் ராண்ட் என்று அப்போது சொல்லப்பட்டது. அந்த ஆண்டுகளில்தான் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கப் பணம் இல்லை என்றும் சொன்னார்கள். நான் பாடம் நடத்திய வகுப்புகளில் தாயும் தந்தையும் இல்லாமல் பாட்டியிடம் வளர்ந்த பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வந்தார்கள். அந்த ஒப்பந்தத்தைச் சுற்றிய லஞ்ச வழக்கில் 2005இல் நம் டர்பன் நீதிமன்றமே ஒரு தொழிலதிபருக்கு 15 ஆண்டு சிறை விதித்தது. அப்படி வாங்கிய கப்பல்களுக்கு இன்னும் பணம் கொட்ட வேண்டும் என்று கேட்டால், என் மனம் உடனே இணங்க மறுக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கடற்படை என்றதும் என் தலைமுறைக்கு நினைவு வருவது டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவு. 1961இல் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியை அரசு தொடங்கியபோது, கடற்படை விட்டுப்போன பழைய பாசறைகளில்தான் நம் பிள்ளைகளை உட்கார வைத்தது. என் அண்ணன் அங்கே படிக்கப் படகில் போய் வந்தார். பிறகு 1970களின் நடுவில் அதே தீவில் ஜல்சேனா என்ற பெயரில் இந்திய இளைஞர்களுக்குக் கடற்படைப் பயிற்சி தொடங்கினார்கள். வாக்குரிமை இல்லாத நாட்டுக்காகச் சீருடை போடுவதா என்று அப்போது வீட்டுக்கு வீடு சண்டை நடந்தது. அந்தக் கசப்பு முழுவதும் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஃபீனிக்ஸ் கணக்கர் எழுதியது:

டீச்சர், உங்கள் கேள்வி நியாயமானது. வாங்கியிருக்க வேண்டுமா என்பதும், வாங்கியதைப் பேண வேண்டுமா என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பது மட்டும் என் எண்ணம். முதல் கேள்விக்கு 1999இலேயே இல்லை என்று பதில் சொல்லியிருக்கலாம். இரண்டாவதை ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரியில் வரவு செலவுத் திட்டம் வரும்போது நாம் புதிதாகச் சந்திக்கிறோம்.

கணக்கு எங்கே உடைந்தது என்று சொல்கிறேன். தளவாட ஒப்பந்தத்தின் தவணைகள் தனி நிதியிலிருந்து கட்டப்பட்டன. அது வாங்குவதற்கான பணம். கப்பல் வந்து சேர்ந்த பின் எண்ணெய், உதிரிபாகம், கப்பலை நீருக்கு வெளியே நிறுத்திப் பழுதுபார்க்கும் உலர்துறை, பயிற்சி எல்லாமே படையின் வழக்கமான ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்து வர வேண்டும். அந்த ஒதுக்கீடோ நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. அதற்குள்ளும் பாதிக்கும் வெகு மேலே சம்பளத்துக்கே போகிறது. சம்பளத்தை எந்த அமைச்சரும் நிறுத்த முடியாது. வாடகை, மின்சாரத்தையும் நிறுத்த முடியாது. தள்ளிப்போடக்கூடியது என்று ஏட்டில் மிஞ்சுவது மராமத்து ஒன்றுதான். எந்த நிறுவனத்தின் கணக்கைப் பார்த்தாலும் பணம் இறுகும்போது முதலில் வெட்டு விழுவது அந்த வரியில்தான், ஏனென்றால் அதன் விளைவு வெட்டியவரின் பதவிக்காலத்தில் தெரியாது.

அடுத்தது நாணய மாற்று. ஃப்ரிகேட்டுகள் ஹாம்பர்க்கிலும் கீலிலும் கட்டப்பட்டவை, நீர்மூழ்கிகள் கீலிலும் எம்டனிலும். எந்திரத்தின் முக்கிய உதிரிகள் இன்றும் யூரோவிலும் டாலரிலும்தான் விலை சொல்லப்படுகின்றன. ஒப்பந்தம் போட்ட காலத்தில் ஒரு டாலருக்கு ஆறு ராண்டை ஒட்டி இருந்தது. இப்போது அது ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒதுக்கீடு ராண்டில் அப்படியே இருந்தாலும், வாங்கும் உதிரியின் எண்ணிக்கை மூன்றில் ஒன்றாகிவிடும். விலைவாசி ஏற்றத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

2015இல் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட பாதுகாப்பு மீளாய்வு அறிக்கை, படை கடுமையான சரிவில் இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதியது. அதை எழுதியவர்கள் எதிர்க்கட்சியினர் அல்லர், அரசு அமைத்த குழுவினர். அறிக்கையை ஏற்றார்கள், அதற்கான பணத்தை ஏற்கவில்லை.

சைமன்ஸ்டவுன் டெக்னீஷியன் எழுதியது:

பெரியவர்களுக்கு வணக்கம். நான் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்து, கப்பல் எந்திரத் தொழில் படித்து, இப்போது கடற்படையின் தலைமைத் தளமான சைமன்ஸ்டவுன் பக்கம் வேலை பார்ப்பவன். ரகசியம் எதையும் எழுத மாட்டேன், எழுத வேண்டிய தேவையும் இல்லை. வெளியே வந்த செய்திகளே போதும்.

ஐயா சொன்ன நின்ற கப்பலின் கதையோடு, இந்த ஃப்ரிகேட்டுகளுக்கே உரிய ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இவற்றில் இரண்டு எம்.டி.யூ. டீசல் எந்திரங்களும், நடுவில் நீர்த்தாரையைத் தள்ளும் ஒரு எல்.எம்.2500 வாயுச் சுழலியும் இருக்கின்றன. பல்சக்கரப் பெட்டிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால், ஒரே ஒரு டீசலைக் கொண்டு இரண்டு தண்டுகளையும் சுழற்ற முடியும். எண்ணெய் மிச்சப்படுத்த அது அருமையான அமைப்பு. அதே அமைப்பு ஓர் ஆசையையும் காட்டுகிறது. இன்னொரு டீசலும் சுழலியும் சரியில்லாவிட்டாலும் கப்பல் மெதுவாகவாவது துறைமுகத்தை விட்டு வெளியே போய்விடும், படம் எடுத்துப் போடலாம். ஆனால் துரத்த வேண்டிய நேரத்தில் வேகம் வராது, ஓடும் ஒரே டீசல் நின்றுவிட்டால் கேப் முனைக் கடலில் கப்பல் மிதக்கும் கட்டையாகிவிடும். கடலுக்குப் போகிறது என்பதும் பணிக்கு ஆயத்தமாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. ரேடார், சோனார், ஏவுகணை, ஹெலிகாப்டர் எல்லாம் ஒரே நாளில் ஒன்றாக வேலை செய்தால்தான் அது போர்க்கப்பல்.

உதிரி கிடைக்காதபோது ஒரு கப்பலில் இருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவது உலகில் எல்லாக் கடற்படைகளும் செய்வதுதான். அதன் விலையை யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு பம்பை இப்படி மாற்றினால் கழற்றுவது இரண்டு முறை, மாட்டுவது இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் ஒரு போல்ட் நூல் தேயும், ஒரு கேஸ்கெட் கிழியும், ஒரு சென்சார் கம்பி முறியும். கொடுத்த கப்பலின் பதிவேட்டில் அந்த இடம் காலியாகவே நிற்கும். மூன்று ஆண்டு கழித்து அந்தக் கப்பலைத் திறக்கும்போது, என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கணக்கெடுக்கவே பல வாரம் போகும்.

கப்பலைப் போலவே ஆளும் நின்றால் கெடுவார். ஆண்டுக்கு 12,000 மணி நேரம் கடலில் இருப்பது என்று ஒரு காலத்தில் கடற்படை தனக்கு இலக்கு வைத்திருந்தது. பிறகு அந்த இலக்கே குறைக்கப்பட்டு வந்தது. நீர்மூழ்கியில் இது இன்னும் கடுமை. மூன்று நீர்மூழ்கி இருந்து ஒன்றுதான் ஓடுகிறது என்றால், மூன்று குழுவினரும் அந்த ஒன்றில்தான் கற்க வேண்டும். முப்பது பேர் வாழும் கலத்தில் பயிற்சியாளருக்கு எத்தனை படுக்கை கொடுக்க முடியும்? 2023 செப்டம்பர் 20 அன்று கோமெட்ஜி அருகே மந்தாடிசியின் மேல்தளத்தில் நின்றவர்களை அலை அடித்துச் சென்று மூன்று பேர் இறந்ததை நாம் எல்லோரும் அறிவோம். அதன் காரணத்தை இங்கே உட்கார்ந்து ஊகிப்பது மறைந்தவர்களுக்கு மரியாதை ஆகாது. எங்கள் கடல் எப்படிப்பட்டது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். நல்ல கலமும் தொடர்ந்த பயிற்சியும் இருந்தாலே அது மன்னிக்காத கடல்.

ஐசிபிங்கோ வலைக்காரர் பேரன் எழுதியது:

டீச்சர் அக்காவுக்கு ஒரு வார்த்தை. சாலிஸ்பரி தீவு உங்களுக்குக் கல்லூரியாக நினைவிருக்கிறது. எங்கள் குடும்பத்துக்கு அது அதற்கும் முந்தியது. ஒப்பந்தக் கூலியாக வந்து ஐந்து வருடம் கரும்புத் தோட்டத்தில் முறிந்த பிறகு, நம் சனத்தில் சிலர் அந்தத் தீவில் குடிசை போட்டு, வலை இழுத்து, மீனைக் காயவைத்து விற்றுப் பிழைத்தார்கள். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அங்கே கடற்படைத் தளம் கட்டினார்கள். எங்களவர் ஃபின்லண்ட்ஸ் பக்கம் தள்ளப்பட்டார்கள், பிறகு அங்கிருந்தும் தள்ளப்பட்டார்கள். ஆகவே கடற்படைமேல் கோபப்பட எனக்கும் காரணம் உண்டு.

இருந்தாலும் நான் பேஹெட் அண்ணன் பக்கமே நிற்கிறேன். கடலில் காவல் இல்லாவிட்டால் முதலில் சாவது மீன், அடுத்தது மீனவன். மரியன், பிரின்ஸ் எட்வர்ட் தீவுகளையும் சேர்த்தால் நம் பொருளாதாரக் கடல் எல்லை சுமார் 15 லட்சம் சதுர கிலோமீட்டர். நிலப்பரப்பைவிடப் பெரியது. அந்தத் தெற்குத் தீவுகளைச் சுற்றி 1990களின் பிற்பகுதியில் வெளிநாட்டுக் கப்பல்கள் பட்டகோனியப் பல்மீனைத் திருட்டுத்தனமாக வாரிக்கொண்டு போனதில், சில ஆண்டுகளுக்குள் அந்த மீன்வளமே சரிந்துபோயிற்று. 2003இல் வியார்சா என்ற திருட்டுக் கப்பலை ஆஸ்திரேலியாவின் ரோந்துக் கப்பல் மூன்று வாரம் பனிக்கடலில் துரத்திக்கொண்டு வந்தபோது, இந்தப் பக்கத்திலிருந்து போய் மடக்க உதவியவை ஜான் ராஸ் என்ற இழுவைக் கப்பலும் அகுல்யாஸ் என்ற ஆய்வுக் கப்பலும்தான். பல்மீனை நம் ஊரில் யாரும் குழம்பு வைப்பதில்லை என்பது வேறு. இன்று அங்கே நடப்பது நாளை நம் கரையோரத்திலும் நடக்கும்.

கொள்ளையும் அப்படித்தான். 2010 டிசம்பரில் வேகா 5 என்ற மீன்பிடிக் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர் மொசாம்பிக் கடலில் பிடித்துக்கொண்ட பிறகுதான், 2011இல் ஆப்பரேஷன் காப்பர் என்று நம் கப்பல்கள் வடக்கே போகத் தொடங்கின. ஃப்ரிகேட் போயிற்று, டிராகன்ஸ்பெர்க் போயிற்று, ரோந்துக்கு மாற்றிய பழைய ஏவுகணைப் படகுகளும் போயின. அதன்பின் ஆண்டுதோறும் அந்தப் பணிக்கான அனுமதி நாடாளுமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டு வந்திருக்கிறது. கப்பல்தான் தொடர்ந்து போவதாகத் தெரியவில்லை. செங்கடலில் 2023 இறுதியில் தாக்குதல் தொடங்கியதிலிருந்து உலகத்துச் சரக்குக் கப்பல்கள் பல நம் கேப் முனையைச் சுற்றித்தான் போகின்றன. வாசலில் இத்தனை போக்குவரத்து, காவலுக்கு ஆளில்லை.

வெஸ்ட்வில் மாணவி எழுதியது:

நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், இந்த விஷயத்துக்குப் புதியவள். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இது நம் அரசின் ஊழலாலும் திறமைக்குறைவாலும் மட்டும் வந்ததா, அல்லது கடற்படை என்றாலே எல்லா நாட்டிலும் இப்படித்தானா? வீட்டில் அப்பா முதலாவதைச் சொல்கிறார், விரிவுரையாளர் இரண்டாவதைச் சொல்கிறார்.

சைமன்ஸ்டவுன் டெக்னீஷியன் எழுதியது:

தங்கச்சி, இரண்டிலும் உண்மை இருக்கிறது.

நம் நீர்மூழ்கிகளைக் கட்டிக்கொடுத்த ஜெர்மனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 அக்டோபரில் நார்வே கரையில் அவர்களுடைய யு-35 பாறையில் இடித்துச் சுக்கான் சேதமானபோது, ஆறு நீர்மூழ்கிகளில் ஒன்றுகூடக் கடலுக்குப் போகும் நிலையில் இல்லை என்பது உலகத்துக்குத் தெரிந்தது. மற்ற ஐந்தும் மராமத்திலோ உதிரிக்கான காத்திருப்பிலோ இருந்தன. பனிப்போர் முடிந்ததும் செலவைக் குறைப்பதற்காக உதிரிகளை முன்கூட்டி வாங்கி அடுக்கிவைக்கும் வழக்கத்தை அவர்கள் விட்டிருந்தார்கள். அமெரிக்காவிடம் பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பாய்சி என்ற அணுசக்தி நீர்மூழ்கி 2017இல் மூழ்குவதற்கான சான்றிதழ் காலாவதியாகி, பெரும் மராமத்துக்கு உலர்துறையில் இடம் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் கட்டிக்கிடந்தது. அதன் மராமத்து ஒப்பந்தம் 2024இல்தான் கையெழுத்தானது. அங்கே குறைந்தது பணம் அல்ல, துறையும் கைத்தொழிலாளரும்.

இந்தியாவில் நடந்தது எல்லாவற்றையும்விட வேதனையானது. 2013 ஆகஸ்டில் மும்பைத் துறையிலேயே சிந்துரக்ஷக் வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2014 பிப்ரவரியில் சிந்துரத்னாவில் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அன்றைக்கே கடற்படைத் தளபதி அட்மிரல் ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். மராமத்துக்கும் பேட்டரி மாற்றத்துக்கும் உரிய காலம் தள்ளிப்போனதைப் பற்றி அங்கே பெரிய விவாதம் நடந்தது. அதற்குப் பிறகு அவர்கள் அதை ஒரு தேசியப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்தியாவைப் பற்றி இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். நம்முடைய அதே ஜெர்மன் 209 வகையில் அவர்களிடமும் நான்கு நீர்மூழ்கிகள் வந்தன. இரண்டு ஜெர்மனியில் கட்டப்பட்டன. மற்ற இரண்டை மும்பை மசகான் கப்பல்துறையிலேயே கட்டினார்கள். ஷால்கி 1992இல் படையில் சேர்ந்தது, ஷங்குல் 1994இல். நேராக வாங்குவதைவிட அதிக விலை கொடுத்து, அதிக காலம் எடுத்துக் கட்டினார்கள் என்று அப்போது குறை சொன்னவர்கள் உண்டு. இன்று அந்த வகையின் உடலைத் திறந்து மூடத் தெரிந்த வெல்டர்கள் அவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். நாம் மூன்றையும் முழுசாக வாங்கிக் கொண்டுவந்தோம்.

ஆகவே தங்கச்சி, கப்பல் கெடுவது எல்லா நாட்டுக்கும் பொது. கெட்டதை எவ்வளவு விரைவில் எழுப்புகிறோம் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு, அதில் நம் வேகம் மிகவும் குறைவு.

பேஹெட் ஃபிட்டர் எழுதியது:

தம்பி மசகானைச் சொன்னதால், டர்பனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1977 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஆயுதத் தடை விதித்தபோது, பிரான்ஸ் நமக்காகக் கட்டிய கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் கொடுக்க மறுத்துவிட்டது. இஸ்ரேலின் ஹைஃபாவில் மூன்று ஏவுகணைப் படகுகள் கட்டப்பட்டு வந்தன, மீதி ஆறு இங்கே பேஹெட்டில் சாண்டாக் ஆஸ்ட்ரல் துறையில் கட்டப்பட்டன. அதற்குப் பிறகு டிராகன்ஸ்பெர்க். 12,500 டன், இந்த நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய மிகப் பெரிய கப்பல். அந்த அரசின் நோக்கம் தீயது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நம் ஆட்கள் அந்தத் துறையில் உதவியாளாகவும், சிலர் போராடி வாங்கிய கைத்தொழில் சான்றிதழோடும் வேலை செய்தார்கள், ஒரே வேலைக்கு வெள்ளைக்காரரைவிடக் குறைந்த கூலியில். ஆனால் அந்தக் கைகளில் சேர்ந்த திறமை உண்மையானது. டிராகன்ஸ்பெர்க் நாற்பது வயதை நெருங்கியும் ஓட்டத் தக்கதாக எழுப்பப்பட்டு வருகிறது என்றால், அதன் வரைபடங்களும் அதைக் கட்டியவர்களின் அறிவும் நாட்டுக்குள்ளே இருந்ததும் ஒரு காரணம்.

ஜனநாயகம் வந்த பிறகு அந்தத் திறமையைப் பெருக்கி எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்க வேண்டும். 1999 ஒப்பந்தத்தில் உடல்கள் ஜெர்மனியில் கட்டப்பட்டன, இங்கே ஆயுதக் கருவிகளைப் பொருத்தும் வேலைதான் பெரும்பாலும் நடந்தது. சாலிஸ்பரி தீவுத் தளத்தை 2002இல் வெறும் நிலையமாகச் சுருக்கினார்கள். மொசாம்பிக் பணி தொடங்கிய பிறகுதான் அதை மீண்டும் தளமாக்க வேண்டும் என்ற ஞானம் பிறந்தது. சைமன்ஸ்டவுனில் இருந்து டர்பனுக்குக் கடல்வழியில் சுமார் 800 கடல்மைல். 16 நாட் வேகத்தில் வந்தாலும் போக இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். அந்த நான்கு நாள் எண்ணெயும் எந்திரம் ஓடிய மணிநேரமும் ரோந்தில் சேராதவை. இதற்கிடையே சரக்குப் பெட்டி முனையத்தை விரிவாக்க அந்தத் தீவையே துறைமுக நிர்வாகம் கேட்டுக்கொண்டிருந்தது.

டர்பனில் 1925இல் திறந்த பிரின்ஸ் எட்வர்ட் உலர்துறை 352 மீட்டர் நீளம். 121 மீட்டர் ஃப்ரிகேட்டை அதில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நிறுத்தலாம். துறை இருக்கிறது. அதைச் சுற்றி நின்ற பாய்லர்மேக்கர், பைப் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் கூட்டம் கரைந்துவிட்டது. ஒரு கப்பல் துறைக்கு வந்தால் வேலை, போனால் வீட்டுக்கு அனுப்புவது என்று வேலையைத் துண்டு துண்டாக வைத்தால் எந்தப் பிள்ளை நான்கு ஆண்டு அப்ரெண்டிஸ் இருப்பான்? என்னிடம் தொழில் கற்ற நல்ல பையன்களில் பலர் துபாய், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். இங்கேயே இருந்த ஒரு பையன், தான் சேர்ந்த நிறுவனம் அரசு வேலைக்கான பணம் வராமல் கதவை மூடியதும், இப்போது வீட்டு வாயில்களுக்குக் கம்பிக் கதவு செய்கிறான். அவன் ஒரு காலத்தில் உயர் அழுத்தக் குழாயில் எக்ஸ்ரே பரிசோதனைக்கு நிற்கும் வெல்டிங் செய்தவன்.

நெல்சன் மண்டேலா என்று பெயரிட்ட கடல் அளவைக் கப்பல் இதே டர்பனில் கட்டப்படுகிறது. குறித்த காலத்தை எவ்வளவோ தாண்டிவிட்டது, அதற்காக எல்லோரும் திட்டுகிறார்கள். தாமதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 1972இல் படைக்கு வந்த புரோட்டியா என்ற பழைய அளவைக் கப்பலுக்கு மாற்றாக வரும் அந்தக் கப்பலில் வேலை பார்த்த இளைஞர்களைக் கலைந்துபோக விட்டால், அடுத்த முறையும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மெரிபேங்க் ஆசிரியை எழுதியது:

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். ஏவுகணைக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை. ஆனால் மீன்வளக் காவல், கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பது, நம் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் என்று வரும்போது, வாங்கியதைப் பேணுவது வாங்கியதை அழுகவிடுவதைவிடக் குறைந்த பாவம் என்று ஏற்கிறேன். கணக்கர் ஐயா, ஃப்ரிகேட்டுகளை எழுப்ப பில்லியன் கணக்கில் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் தொகை கிடைக்கப்போவதில்லை என்பது எனக்கே தெரிகிறது. அப்படியானால் எங்கே தொடங்குவது?

ஃபீனிக்ஸ் கணக்கர் எழுதியது:

டீச்சர், நான் புதிய மூன்று ரோந்துக் கப்பல்களில் தொடங்குவேன். கிங் செகுகுனே 2022இல் ஒப்படைக்கப்பட்டது, பின்னால் கிங் ஷாகா ஜூலுவும் ஆடம் கோக்கும் வந்தன. அறுபத்திரண்டு மீட்டர் நீளம், எளிய டீசல் எந்திரங்கள், கட்டிய துறை கேப் டவுனிலேயே இருக்கிறது, உதிரிக்குக் கீலுக்கு எழுத வேண்டியதில்லை. மீன்வளக் காவலுக்கும் கொள்ளைத் தடுப்புக்கும் அன்றாடம் வேண்டியது இந்த அளவுக் கப்பல்தான். இவற்றோடு கரைக்கு வெகு அப்பால் செல்லும் மூன்று பெரிய ரோந்துக் கப்பல்களும் வரவேண்டியிருந்தது, பணம் போதாமல் அந்தப் பகுதி கைவிடப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நான்கு ஃப்ரிகேட்டுகளில் இரண்டையாவது முழுத் தகுதிக்குக் கொண்டுவந்து, மற்ற இரண்டைப் பற்றி நேர்மையாக முடிவெடுக்கலாம். நான்கையும் அரைகுறையாக வைத்திருப்பது நான்குக்கும் செலவு, ஒன்றுக்கும் பயன் இல்லை.

ரோந்துக் கப்பல்களில் 1999இன் கதை திரும்ப நடக்காமல் பார்ப்பதுதான் இப்போது நம் கையில் இருக்கிறது. வணிகக் கப்பல் எதுவும் ஐந்து ஆண்டுக்குள் இரண்டு முறை அடிப்பகுதியைக் காட்டியாக வேண்டும். அந்த அளவுகோலில் செகுகுனேக்கு ஐந்தாண்டு நிறைவில் செய்ய வேண்டிய முதல் பெரிய துறையேற்றம் 2027ஐ ஒட்டி வரும். பணம் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே திட்டத்தில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் உலர்துறையில் இடம் பிடிக்க முடியாது, உதிரியும் நேரத்துக்கு வராது.

பேஹெட் ஃபிட்டர் எழுதியது:

கணக்கர் சொன்னதோடு ஒன்று சேர்க்கவும். அந்த வேலைக்கான ஒப்பந்தத்தில் எத்தனை அப்ரெண்டிஸ் எடுக்க வேண்டும், அவர்கள் வேலை முடிந்ததும் எங்கே தொடர்வார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். மூன்று கப்பல்களின் துறையேற்றத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தினால் ஒரு கூட்டத்துக்குத் தொடர்ந்து வேலை இருக்கும். மூன்றையும் ஒரே நேரத்தில் துறைக்குக் கொண்டுவந்தால் கடலிலும் காவல் இருக்காது, பிறகு தொழிலாளிக்கும் வேலை இருக்காது.

மெரிபேங்க் ஆசிரியை எழுதியது:

நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் கூட்டு நிலைக்குழுவுக்குப் பொதுமக்கள் எழுதலாம் என்பதால், மூன்று கேள்விகளை எழுதியிருக்கிறேன். மூன்று ரோந்துக் கப்பல்களின் முதல் துறையேற்றத்துக்கு எந்த ஆண்டின் ஒதுக்கீட்டில் எவ்வளவு குறிக்கப்பட்டுள்ளது? அந்த வேலை எந்தத் துறையில், எத்தனை பயிலுநர்களோடு நடக்கும்? ஆப்பரேஷன் காப்பருக்கு அனுமதி கொடுத்த ஒவ்வோர் ஆண்டிலும் மொசாம்பிக் கடலில் கப்பல் இருந்த நாட்கள் எத்தனை? தம்பி, தொழில்நுட்பச் சொற்களில் பிழை இருந்தால் திங்கட்கிழமைக்குள் திருத்திக் கொடுங்கள், அதன்பின் கையெழுத்து வாங்கத் தொடங்குகிறேன்.